பாரம்பரிய அரிசித் தளத்துக்குத் தேடல்வழி வருகை சரிந்துவிட்டது: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

வயலோரம் | 2025 மே 11, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் பயிரிடும் உழவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய குழுவின் இணையதளத்தை ஆறு ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி என்று எங்கள் வயலில் விளையும் ஒவ்வொரு இரகத்தையும் எந்தப் பட்டத்தில் விதைப்பது, எத்தனை நாளில் அறுப்பது, அரிசியாக்கிய பின் எவ்வளவு நேரம் ஊறவைத்துச் சமைப்பது என்று ஏறத்தாழ 140 கட்டுரைகள் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறோம். விளம்பரத்துக்கு இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. கூகுளில் தேடி, கட்டுரையைப் படித்து, அதன் பிறகு தொலைபேசியில் அழைத்து அரிசி கேட்பவர்கள்தாம் எங்கள் வாடிக்கையாளர்கள்.

கடந்த பிப்ரவரியில் தளத்தைப் புதிய வடிவமைப்புக்கு மாற்றினோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடல்வழி வருகை முன்பு இருந்ததில் கால்பங்குகூட இல்லை. வடிவமைத்துக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், மார்ச் மாதம் கூகுள் தன் தேடல் வரிசை முறையில் செய்த புதுப்பிப்புதான் காரணம் என்றும், மாதக் கட்டணம் செலுத்தினால் எல்லாப் பக்கங்களிலும் கீவேர்டுகளை (மக்கள் தேடும் சொற்களை) சேர்த்து 60 நாளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக உறுதி தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு இதே நேரத்தில் தீர்ந்துபோன அரிசி இப்போது மூட்டை மூட்டையாகக் கிடங்கில் இருக்கிறது. குழுவில் உள்ளவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். பணத்தைக் கட்டலாமா, அல்லது நாமே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?


தச்சன் | 2025 மே 11, காலை 9.15

அம்மா, இப்போதைக்குப் பணம் எதுவும் கட்டாதீர்கள். தேடலில் முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டி ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த உறுதியைக் கொடுப்பவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்டுகளை அடுக்கும் குறிச்சொல்லைப் பற்றித்தான் அவர்கள் சொல்கிறார்கள் என்றால், வலைத்தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

முதலில் நாளைப் பாருங்கள். அவர்கள் சொல்லும் மார்ச் மாத மையப் புதுப்பிப்பு 13-ஆம் தேதி தொடங்கி 27-ஆம் தேதி முடிந்தது. தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, செயல்திறன் அறிக்கையில் கடந்த 6 மாதக் கோட்டைப் பார்த்து, அது எந்த நாளில் சாயத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 13-க்குப் பிறகு சாய்ந்திருந்தால் அவர்கள் சொல்வதற்கு இடமுண்டு. நீங்கள் தளத்தை மாற்றிய வாரத்திலேயே சாய்ந்திருந்தால் கூகுள் எதுவும் செய்யவில்லை. மாற்றத்தில் ஏதோ உடைந்திருக்கிறது.

அதன் பிறகு, உங்கள் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் 'வாசித்தல்' என்ற பகுதிக்குப் போய், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்னும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் தயாராகும்வரை அதை இட்டு வைப்பார்கள். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். நான் பார்த்த சரிவுகளில் பல இந்த ஒரு டிக்கில்தான் முடிந்திருக்கின்றன. கடைசியாக, பழைய கட்டுரை ஒன்றின் பழைய முகவரியை, வாட்ஸ்அப்பில் யாருக்காவது நீங்கள் அனுப்பியது இருந்தால், அழுத்திப் பார்த்து எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.


வயலோரம் | 2025 மே 11, இரவு 8.50

ஐயா, பார்த்துவிட்டேன். கோடு பிப்ரவரி 24 அன்று சாயத் தொடங்குகிறது. நாங்கள் புதிய தளத்தைத் திறந்தது 22-ஆம் தேதி. மார்ச் 13-இல் கோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை, ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன கட்டத்தில் டிக் இல்லை.

பழைய முகவரிகள் ஐந்தை அழுத்திப் பார்த்தேன். ஐந்தும் முகப்புப் பக்கத்துக்கே போகின்றன. கட்டுரை எங்கேயும் தொலைந்துவிடவில்லை. வேறு முகவரியில், ஆங்கில எழுத்துகளில், புதிய தளத்தில் இருக்கிறது. சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் 'சாஃப்ட் 404' என்று ஒரு பெரிய எண் காட்டுகிறது. கன்சோல் அதை ஒரு பிழையாகக் காட்டுகிறது, ஆனால் பக்கம் திறக்கத்தானே செய்கிறது?


தச்சன் | 2025 மே 12, காலை 7.05

அதுதான் அம்மா காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் முகவரி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது ஒருநாள் நேரும்.

தேடுபொறி பெரும்பாலும் ஒரு தளத்தை மொத்தமாக அல்ல, ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்கிறது. 'கருப்புக் கவுனி அரிசி சமைக்கும் முறை' என்ற உங்கள் கட்டுரைக்கு ஆறு ஆண்டுகளில் கிடைத்த நற்பெயர், அதற்கு வெளியிலிருந்து யாரேனும் கொடுத்த இணைப்பு, அதைத் தேடியவர்கள் எந்தச் சொல்லால் தேடினார்கள் என்பது எல்லாம் அந்தப் பழைய முகவரியின் பேரில் எழுதப்பட்ட கணக்கு. வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுப்பதுபோல், ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதே கட்டுரையின் புதிய முகவரியைக் காட்டும் 301 வழிமாற்றை இட்டிருந்தால் கணக்கு அப்படியே புதிய இடத்துக்குப் போயிருக்கும். உங்கள் வடிவமைப்பாளர்கள் 140 கடிதங்களையும் ஊர்த் தலைவர் வீட்டில் போட்டுவிட்டார்கள். கவுனி சமைப்பதைப் பற்றிக் கேட்டவரை முகப்புக்கு அனுப்பினால், கேட்டது அங்கே இல்லை என்பதைக் கூகுள் கண்டுகொள்கிறது; பக்கம் திறந்தாலும் இல்லாத பக்கமாகவே அதைக் கருதுகிறது. அதன் பெயர்தான் 'சாஃப்ட் 404'.

உங்கள் பழைய முகவரிகளில் இன்னொரு சிக்கலும் இருந்திருக்கும். மேலே சொன்ன தலைப்பையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில், இணையத்தில் வழங்கும் UTF-8 வடிவத்தில், ஒரு தமிழ்க் குறி 3 பைட். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக 3 இடங்களைப் பிடிக்கிறது. ஆக ஒரு குறிக்கு 9 இடம். முகவரியில் கட்டுரைப் பெயர் வரும் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம் மட்டுமே. 'கருப்புக் கவுனி அரிசி' என்பதில் புள்ளி, உகரக் குறி, இகரக் குறி எல்லாம் சேர்த்து 19 குறிகள். அவையே 171 இடத்தைத் தின்றுவிடும். சொல்லிடைக் கோடுகள் மூன்றையும் சேர்த்தால் 174. மிஞ்சிய 26 இடத்தில் இரண்டு குறிகள்தாம் நுழையும். எனவே 'சமைக்கும் முறை' என்பது 'சம' என்று அறுந்து நிற்கும். இதே தொடக்கத்தில் 'சமைக்கும் நேரம்' என்று இன்னொரு கட்டுரை எழுதியிருந்தால் அதுவும் 'சம' என்று முடிந்து, பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பழைய பட்டியலில் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது பொறுமையான கைவேலை. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். பிப்ரவரிக்கு முந்தைய காலத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கங்கள் தாவலை ஏற்றுமதி செய்யுங்கள். 1000 வரிகள்வரை கிடைக்கும், உங்களுக்கு அது போதும். விரிதாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே கட்டுரையின் புதிய முகவரி. கிளிக் அதிகமாக வாங்கிய முகவரியிலிருந்து தொடங்குங்கள். வழிமாற்றுக்கென்று வேர்ட்பிரஸில் சேர்க்கக்கூடிய இலவசப் பிளகின்கள் (துணை நிரல்கள்) இருக்கின்றன. விரிதாளை அப்படியே உள்ளே ஏற்றலாம். இணையான கட்டுரையே இல்லாத பழைய முகவரி இருந்தால் அதை முகப்புக்கு அனுப்பாமல் நேர்மையாக 404, அதாவது 'பக்கம் இல்லை' என்றே விட்டுவிடுங்கள்.


புதுநிரல் | 2025 மே 12, பகல் 12.30

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய தமிழ் முகவரிகளையே மீண்டும் வைத்துவிட்டால் இந்த வழிமாற்று வேலை தேவைப்படாதே? இரண்டாவதாக, 140 கட்டுரை என்பது குறைவு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு வாரத்தில் 500 கட்டுரைகள் எழுதிச் சேர்த்தால், எந்தச் சொல்லைத் தேடினாலும் உங்கள் தளம் வரும். நான் இரண்டு தளங்களில் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன், வருகை நன்றாகவே ஏறுகிறது.


தச்சன் | 2025 மே 12, மாலை 5.20

முதல் கேள்வி நல்ல கேள்வி தம்பி. மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் நானும் பழையதற்கே திரும்பச் சொல்லியிருப்பேன். மூன்று மாதம் கழிந்து, புதிய முகவரிகள் பாதி கூகுளின் பட்டியலில் ஏறிவிட்ட நிலையில் இன்னொரு முறை எல்லாவற்றையும் மாற்றுவது குழப்பத்தை இரட்டிப்பாக்கும். பழையவை பாதியில் அறுந்த முகவரிகளும்கூட. 301 வழிமாற்றால் பக்கத்தின் இணைப்பு மதிப்பு குறைவதில்லை என்று கூகுள் தரப்பில் 2016-இலேயே சொல்லிவிட்டார்கள். எனவே முகவரி தமிழிலா ரோமனிலா என்பதைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை. கூகுள் இரண்டையும் படிக்கும், கணினித் தேடல் முடிவில் தமிழ் முகவரியைத் தமிழாகவே காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டாவதை நான் கடுமையாக மறுக்கிறேன். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: தேடல் வரிசைக்காகவே பெருமளவில் உருவாக்கப்படும், படிப்பவருக்குப் பயன் தராத பக்கங்கள் விதிமீறல். அதை மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்று அவ்விதி பார்ப்பதில்லை. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற கூகுள் புதுப்பிப்பு வந்தபோதும் அள்ளித் தெளித்த மேலோட்டக் கட்டுரைகளால் வாழ்ந்த பெரிய தளங்கள் சரிந்தன. உங்கள் இரண்டு தளங்களும் ஏறிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்வது கசக்கும் என்று தெரியும். ஆனால் இந்த அம்மாவின் தளத்தில் இருப்பது வேறு எவரிடமும் இல்லாத சரக்கு. காட்டுயானத்தைத் தன் வயலில் விதைத்து, ஆறு மாதம் காத்திருந்து அறுத்தவர் எழுதிய பக்கத்துக்கு நடுவே, அதைப் பார்த்தேயிராத ஒன்றின் 500 பக்கங்களைக் கொட்டினால், படிப்பவருக்கு எது நெல் எது பதர் என்று தெரியாமல் போகும்.


கீழைக்காற்று | 2025 மே 13, காலை 10.10

தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் இத்துறையில்தான் கோவையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பேக்லிங்க், அதாவது வேறு தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பு, என்ற பேச்சு இன்னும் இங்கே வரவில்லை. அது கட்டாயம் உங்களிடம் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்பதைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை அளக்கலாம் என்பதுதான் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்கின் அடிப்படை. அந்தக் கருத்து இன்றும் செத்துவிடவில்லை. அதனால்தான் இணைப்பு ஒரு சந்தைச் சரக்காகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் நகைக்கடைத் தளத்துக்கு வெளியாளிடம் மொத்தமாக இணைப்பு வாங்கிக் கொடுத்தோம். ரஷ்ய மொழித் தளங்கள், பூட்டிக் கிடந்த பழைய மன்றங்கள், யாரும் படிக்காத கோப்பகங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்தன. இரண்டு மாதம் வருகை ஏறியது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் கூகுளிடமிருந்து செயற்கை இணைப்புகள் குறித்த கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியரே பார்த்து விதிக்கும் தண்டனை) அறிவிப்பு சர்ச் கன்சோலுக்கு வந்தது. அந்தத் தளத்தின் பெயரைத் தட்டினால்கூட அது முதல் பக்கத்தில் வரவில்லை. ஒவ்வொரு இணைப்பாகத் தேடி, நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, மீதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸவாவ் கோப்பில் எழுதி, மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பித்து, அது நீங்குவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. கடைக்காரர் அந்த ஆண்டு தீபாவளி விற்பனையை இழந்தார். அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்களிடம் யாராவது 1000 பேக்லிங்க் இத்தனை ரூபாய் என்று வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

உங்களுக்கு வரவேண்டிய இணைப்புகள் வேறு. உங்கள் ஊரில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும்போது உழவர் குழுக்களைப் பற்றியும் எழுதுவார்கள். அந்தச் செய்தியாளருக்கு இரகவாரியாக வயதும் விளைச்சலும் தொகுத்த உங்கள் பக்கத்தை அனுப்புங்கள். வேளாண் கல்லூரி மாணவர்கள் வயலுக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் துறையின் பக்கத்தில் உங்கள் முகவரியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்கள் அரிசியை வாங்கி விற்கும் கடைகளில் எதற்கெல்லாம் இணையதளம் இருக்கிறதோ அவர்களையும் கேளுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து கிடைத்தாலே போதும். ஏற்கெனவே வந்த இணைப்புகள் எந்தப் பழைய முகவரியைக் காட்டுகின்றன என்று சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில் பார்த்து, அவற்றின் வழிமாற்றை முதலில் சரிசெய்யுங்கள்.


யாழ்நூல் | 2025 மே 14, இரவு 11.25

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ஊர் மலர்களையும் நினைவு மலர்களையும் இணையத்தில் ஏற்றும் சிறிய ஆவணத் தளம் ஒன்றை நடத்துகிறோம். எங்களுடைய பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். 12 ஆண்டுகள் தளம் இருந்தும் ஒருவரும் தேடி வரவில்லை, ஏனென்றால் தேடுபொறியின் கண்ணுக்கு அங்கே ஒரு தமிழ்ச் சொல்கூட இருக்கவில்லை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மக்கள் வரத் தொடங்கினார்கள்.

உங்கள் கட்டுரைகள் யூனிகோடில்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனாலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். 'கௌனி' என்று எங்காவது எழுதியிருந்தால், அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான எழுத்து. 'கெ' மிஞ்சினால், அங்கே ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் யாரோ தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கணினிக்கு அது 'கெளனி' என்ற வேறு சொல். எங்கள் தளத்தில் 'கௌரி' என்ற பெயர் பாதி இடங்களில் இப்படித்தான் இருந்தது, தங்கள் உறவினரைத் தேடியவர்கள் கண்டுபிடிக்க முடியாமல் போனார்கள்.

அடுத்தது எழுத்துக் கூட்டல். நீங்கள் 'கருப்புக் கவுனி' என்று ஒற்று மிகுத்துச் சரியாக எழுதுகிறீர்கள். தேடுபவர்கள் 'கருப்பு கவுனி' என்றும், 'கறுப்பு கவுணி' என்றும், 'கவுனி அரிசி' என்றும் தட்டுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களும் ஏராளம். தமிழில் வேற்றுமை உருபு ஏறி ஒரு சொல் இருபது வடிவம் எடுக்கிறது. கூகுள் இவற்றில் பலவற்றை இணைத்துப் புரிந்துகொள்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. சர்ச் கன்சோலின் வினவல்கள் தாவலைத் திறந்தால் மக்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்பது எழுத்துக்கு எழுத்து தெரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் உருவாக்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பது அப்பட்டமான விதிமீறல். முதல் பத்தியிலேயே 'சில ஊர்களில் இதைக் கவுணி என்றும் கௌனி என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வரி எழுதினால், படிப்பவருக்கும் அது தகவல்தான், தேடுபொறிக்கும் அது போதும்.


செவிலி | 2025 மே 15, காலை 6.15

உங்கள் தளத்தை நேற்றிரவு முழுவதும் படித்தேன், வயலைப் பற்றிய பக்கங்கள் அருமையாக இருக்கின்றன. ஆனால் 'கருப்புக் கவுனி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். தயவுசெய்து அதை மாற்றுங்கள். இருபது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவுனியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்து உண்டு.

தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் தன் மதிப்பீட்டாளர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில் உடல்நலமும் பணமும் சார்ந்த பக்கங்களை 'உங்கள் பணம் அல்லது உங்கள் உயிர்' என்று தனியாகப் பிரித்து, அங்கே நம்பகத்தன்மைக்கு மிக உயர்ந்த அளவுகோலை வைத்திருக்கிறது என்று என் மகன் சொன்னான். அது உண்மையானால், அந்தத் தலைப்பு உங்கள் வருகைக்கும் கேடுதான்.


தச்சன் | 2025 மே 15, காலை 8.40

உண்மைதான் அம்மா. அந்த மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பெண் எந்தத் தளத்தையும் நேரடியாக ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை. ஆனால் தேடல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கூகுள் விரும்புகிறது என்பது அதில் தெரியும். 2022 டிசம்பரில் அந்த வழிகாட்டியில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்பவற்றோடு 'அனுபவம்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். வயலோரம் அம்மாவுக்கு மருத்துவ அனுபவம் இல்லை, வயல் அனுபவமும் அடுப்பு அனுபவமும் இருக்கின்றன. அவற்றில் அவர் எழுதுவதை எந்தப் பெரிய தளமும் எழுத முடியாது.


வயலோரம் | 2025 ஜூன் 8, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. இந்த நான்கு வாரத்தில் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவத் தலைப்பில் இருந்த ஏழு பக்கங்களை அன்றைக்கே திருத்தினேன். நோய் தீரும் என்ற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். செவிலி அம்மா சொன்னதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது.

விரிதாளை நானும் என் தங்கை மகளும் உட்கார்ந்து இரவுகளில் முடித்தோம். தச்சன் ஐயா கணக்குப் போட்டுச் சொன்னதுபோலவே 'சம' என்று அறுந்த முகவரிகள் மூன்று இருந்தன. இன்னொன்றும் தெரிந்தது: 11 கட்டுரைகள் புதிய தளத்துக்கு வரவே இல்லை. அவற்றில் பூங்கார் நாற்றங்கால் பற்றியது ஒன்று, எங்களுக்கு அதிகம் பேரை அழைத்து வந்த கட்டுரை. பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடியதில் பத்து கட்டுரைகளின் உரை கிடைத்துவிட்டது. ஒன்றை நினைவிலிருந்து மீண்டும் எழுதினேன்.

கைப்பேசியில் திறந்து பார்த்தபோது, கணினியில் தெரியும் சமையல் குறிப்பின் பின்பாதி அங்கே இல்லவே இல்லை என்பதையும் கவனித்தேன். விலைப் பட்டியல் எழுத்தாக இல்லாமல் ஒரு படமாக இருக்கிறது. இவையும் பாதிக்குமா?


தச்சன் | 2025 ஜூன் 8, இரவு 9.00

கட்டாயம் பாதிக்கும். கூகுள் இப்போது கைப்பேசி வடிவத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது. 2016-இல் அறிவித்த அந்த மாற்றம் 2023-இல் நிறைவடைந்தது. தொட்டால் விரியும்படி மடித்து வைத்திருந்தால் குற்றமில்லை, உரை பக்கத்துக்குள் இருக்கும். கைப்பேசிக்கு அனுப்பவே இல்லை என்றால் அது எழுதப்படாததற்குச் சமம். விலைப் பட்டியலை எழுத்தாகவே போடுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி. பக்கத்தின் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும் என்பவை கூகுள் வைத்திருக்கும் அளவுகளில் இரண்டு. உங்கள் முகப்பில் ஓடும் வயல் காணொளியை எடுத்துவிட்டு, கைப்பேசியில் எடுத்த படங்களைச் சுருக்கி ஏற்றினால் அதைத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் அந்த எண்களைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். வேகமான வெற்றுப் பக்கத்தைவிடச் சற்று மெதுவான நல்ல பக்கம்தான் மேலே நிற்கும்.

தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் தலைப்புக் குறியில், எல்லாக் கட்டுரைகளிலும் குழுவின் பெயர் முதலில் வருகிறது, கட்டுரைப் பெயர் அதற்குப் பின்னால் வெட்டுப்பட்டுப் போகிறது. அதை முன்பின்னாக மாற்றிவிடுங்கள்.


புதுநிரல் | 2025 ஜூலை 20, காலை 11.00

தச்சன் அண்ணா, நீங்கள் அன்று சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் இரண்டு தளங்களில் ஒன்று இப்போது தேடலில் ஏறத்தாழக் காணாமலே போய்விட்டது. அதில் இருந்த 900 பக்கங்களில் நான் உண்மையாகவே அறிந்து எழுதியவை 40 இருக்கும், பழைய இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்ப்பது பற்றி. மற்றவற்றை நீக்கிவிட்டு அந்த 40 பக்கங்களிலிருந்து தொடங்கலாமா?


தச்சன் | 2025 ஜூலை 20, மாலை 6.10

தொடங்குங்கள் தம்பி. நீக்கியவுடன் வருகை திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள், மாதங்கள் ஆகும், திரும்பாமலும் போகலாம். ஆனால் அந்த 40 பக்கங்களின் முகவரியை இங்கே இடுங்கள், நான் படித்துப் பார்க்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் எழுதியது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.


வயலோரம் | 2025 ஆகஸ்ட் 24, காலை 7.20

வழிமாற்றுகளை ஏற்றிப் பத்து வாரம் ஆகிறது. 'சாஃப்ட் 404' எண்ணிக்கை வாரந்தோறும் குறைந்து இப்போது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. வருகை பழைய அளவில் பாதியைத் தாண்டியிருக்கிறது. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா பக்கங்கள் தம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன, கவுனி இன்னும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது. கிடங்கில் இருந்த தூயமல்லி சென்ற வாரம் தீர்ந்தது.

வினவல்கள் தாவலை இப்போது தினமும் பார்க்கிறேன். அதில் 'கவுனி அரிசி வேகவில்லை என்ன செய்வது' என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளாகக் கவுனியைப் பற்றி ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறேன், இந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றிலும் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அது வேகாமல் போனதே இல்லை என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. நேற்று அம்மாவை அடுப்பருகில் உட்காரவைத்து, ஒரு டம்ளரை நான்கு மணி நேரமும் இன்னொரு டம்ளரை இரவு முழுவதும் ஊறவைத்து, இரண்டையும் ஒரே அளவு தண்ணீரில் குக்கரில் வைத்துப் பார்த்தோம். நான்கு மணி நேரம் ஊறியது எட்டு விசிலுக்குப் பிறகும் நடுவில் கடுக்கென்றிருந்தது. இரவு முழுவதும் ஊறியது விரலால் நசுக்கினால் மசிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். இன்று மாலை எழுதி ஏற்றிவிடுவேன்.

வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்து நேற்று அழைத்து, வழிமாற்றுப் பிளகின் தளத்தை மெதுவாக்குகிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். என்ன சொல்வது?


தச்சன் | 2025 ஆகஸ்ட் 24, காலை 8.05

எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுளே கேட்கிறது. பழைய செய்திகளிலும் வாட்ஸ்அப்பிலும் உங்கள் பழைய முகவரி இருக்கும்வரை நீங்கள் அவற்றை வைத்திருங்கள். பிளகின் பாரமாக இருந்தால் அதே 140 வரிகளை சர்வர் அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்லலாம், அது இன்னும் வேகமாக இருக்கும். விரிதாளின் நகல் ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.